ஆச்சி, டேப்பும் ஃபாரமும் தூக்கிட்டு வர்றாங்களே!

எப்பவும் வர்ற மாமியா மருமக சமாச்சாரமெல்லாம் இந்த மாசம் கொஞ்சம் ஓரமா நிக்கட்டும். வந்த கடுதாசி, வாட்ஸ்அப் எல்லாத்தையும் பட்டாலைல பரப்பி வச்சுப் பாத்தா பாதிக்கு மேல ரிசர்ச் பத்திதான் கேட்டிருக்கீங்க. லீவு விட்டா போதும், நம்ம செட்டிநாட்டுப் பக்கம் டேப்பும் கேமராவும் தூக்கிட்டு ஒரு கூட்டம் வந்துடுது, வீட்டை அளக்குறாங்க, பட்டறைல உக்காந்து குறிப்பெடுக்குறாங்க, வயசானவங்களை மடக்கி ஃபாரம் ஃபில்லப் பண்றாங்க. முப்பது வருஷம் காலேஜ் லைப்ரரில தீசிஸ் அடுக்கி அடுக்கியே கை தேஞ்சவ நான், அதனால கொஞ்சம் வாய் நீளும், பொறுத்துக்கங்க.

கேள்வி: ஆச்சி, எங்களுக்கு ஆத்தங்குடிக் கல்லு (தரைல பதிக்கிற டைல்ஸ்) பட்டறை. ஒரு இன்ஜினியரிங் காலேஜ்ல இருந்து நாலு பசங்களும் ஒரு சாரும் வந்து மூணு நாள் இருந்தாங்க, மணலு, சிமெண்டு, கலரு எல்லாத்துலயும் சாம்பிள் எடுத்து வீடியோவும் புடிச்சுட்டுப் போனாங்க. பக்கத்துப் பட்டறைக்காரரு இப்ப பயமுறுத்துறாரு, அவங்க பேட்டண்ட் வாங்கிட்டா நீ கல்லு ஊத்துறதுக்கு அவங்களுக்குக் காசு கட்டணும்னு. நெசமா?
பட்டறைக்காரர், ஆத்தங்குடி

பதில்: பயப்படாதீங்க தம்பி. ஊரறிய நடந்துக்கிட்டு இருக்குற வேலையை நான்தான் கண்டுபிடிச்சேன்னு யாரும் பேட்டண்ட் வாங்க முடியாது, முன்னாடி யாருக்கும் தெரியாத புது விஷயமா இருக்கணும்ங்குறதுதான் பேட்டண்ட்டுக்கு மொத நிபந்தனையே. நம்ம 1970 பேட்டண்ட் சட்டத்தோட மூணாவது பிரிவுல பாரம்பரிய அறிவு கண்டுபிடிப்புக் கணக்குல வராதுன்னு தனியாவே எழுதிருக்கு. கண்ணாடி மேல அச்சை வச்சு கலரை ஊத்தி, அச்சைத் தூக்கிட்டு காஞ்ச கலவையைத் தூவி, அதுக்கு மேல ஈரக் கலவை போட்டு, தண்ணில ஊறப்போட்டு எடுத்தா கண்ணாடியோட வழவழப்பு அப்படியே கல்லுல எறங்கிடுது, சூளையும் கிடையாது மிஷினும் கிடையாது, இதை உங்க அப்பச்சி காலத்துல இருந்து ஊரே பாத்துக்கிட்டு இருக்கு, வர்ற டூரிஸ்டெல்லாம் வீடியோ எடுத்துப் போட்டுட்டான், இதுல என்ன ரகசியம்?

மஞ்சள் கதை தெரியுமா உங்களுக்கு? 1995ல அமெரிக்காவுல மிசிசிப்பி பல்கலைக்கழக மெடிக்கல் சென்டர் ஆளுங்க மஞ்சளை வச்சு புண்ணை ஆத்துறதுக்குப் பேட்டண்ட் வாங்கிட்டாங்க. நம்ம சிஎஸ்ஐஆர் (மத்திய அரசோட ஆராய்ச்சிக் கழகம், நம்ம காரைக்குடி சிக்ரிங்குற மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்குத் தாய் நிறுவனம்) எதுத்துப் போச்சு. எங்க வீட்ல எல்லாரும் போடுவோம்னு வாய்ல சொன்னா அங்க எடுபடாது, அச்சுல காட்டணும், அதனால பழைய நூல்கள், 1953ல ஒரு இந்திய மருத்துவ ஜர்னல்ல வந்த கட்டுரைன்னு தேடி எடுத்துக் குடுத்தாங்க, 1997ல பேட்டண்ட் ரத்தாச்சு. இதை எதுக்குச் சொல்றேன்னா அந்தப் பசங்க உங்க வேலையை ஒழுங்கா எழுதி ஒரு ஜர்னல்ல போட்டாங்கன்னா அது உங்களுக்குக் காவல்தான், நாளைக்கு வேற எவனாவது கிளம்பினா எடுத்துக் காட்டலாம். ஒண்ணு மட்டும், சிமெண்டுக்குப் பதிலா வேற எதையோ போட்டு புதுசா ஒரு கலவை அவங்களே கண்டுபிடிச்சா அந்தப் புதுசுக்கு அவங்க கேக்கலாம், அது உங்க பழைய முறையைத் தடுக்காது.

காரைக்குடி கண்டாங்கிக்கு 2019ல வந்துச்சே புவிசார் குறியீடு, அது வேற சமாச்சாரம், அது பேரைக் காப்பாத்தும், செய்யுற முறையைப் பூட்டி வைக்காது.

எனக்கு இதுல கோவம் வேற ஒரு எடத்துல. நான் அடுக்கி வச்ச தீசிஸ்கள்ல "உள்ளூர்த் தொழிலாளர் ஒருவர் கூறியபடி"ன்னு ஒரு வரி வரும் பாருங்க, மூணு நாள் டீ வாங்கிக் குடுத்து சொல்லிக் குடுத்த மனுஷனுக்கு ஒரு பேர் கூட இருக்காது. அடுத்த தடவை யாரு வந்தாலும் காலேஜ் லெட்டர்பேடுல எதுக்கு வந்திருக்கோம்னு எழுதி வாங்குங்க, என் பேரைப் போடணும், ரிப்போர்ட் ஒரு காப்பி தமிழ்ல வேணும்னு அதுலயே எழுதச் சொல்லுங்க.

கேள்வி: என் மக வாட்ஸ்அப் ஃபார்வர்டு பத்தி பிஎச்டி பண்றா. சொந்தக்காரங்க எல்லாம் சிரிக்கிறாங்க, நாங்க சும்மாவே பாக்குறதுக்கு இவளுக்கு டாக்டர் பட்டமான்னு. என்ன பதில் சொல்றது?
தேவகோட்டை அம்மா ஒருத்தங்க

பதில்: சிரிக்கிறவங்களை 2016ல ரெண்டாயிரம் ரூவா நோட்டுல சிப்பு இருக்கு, பூமிக்குள்ள புதைச்சாலும் காட்டிக் குடுக்கும்னு வந்த ஃபார்வர்டை யாரு யாருக்கு அனுப்புனீங்கன்னு கேளுங்க ஆத்தா. எங்க குடும்ப குரூப்ல பேங்க்ல வேலை பாத்து ரிட்டையர்டான என் அயித்தானே அனுப்புனாரு.

அமெரிக்காவுல எம்ஐடில வொசூகி, ராய், ஆரல்னு மூணு பேரு சேந்து 2018ல ஒரு கட்டுரை போட்டாங்க. 2006ல இருந்து 2017 வரைக்கும் ட்விட்டர்ல ஓடுன 1,26,000 சேதியை எடுத்து, ஏறக்குறைய 30 லட்சம் பேரு அதைப் பரப்புன விதத்தைக் கணக்குப் போட்டாங்க. பொய்ச் சேதி மறுபடி பகிரப்படுறதுக்கு நெசத்தை விட 70 சதவீதம் வாய்ப்பு கூட, நெசம் 1,500 பேருக்குப் போய்ச் சேர பொய்யை விட ஆறு மடங்கு நேரம் எடுத்துச்சு. இதுல முக்கியமான எடம் எது தெரியுமா, எல்லாம் கம்ப்யூட்டர் ரோபோ செய்யுற வேலைன்னு எல்லாரும் பழி போட்டுக்கிட்டு இருந்தப்ப இவங்க அந்த ரோபோ கணக்கையெல்லாம் கழிச்சுட்டுப் பாத்தாங்க, அப்பவும் அதே முடிவுதான், பரப்புனது மனுஷங்கதான். பொய்யில புதுசா ஒரு அதிர்ச்சி இருக்கு, அதைக் கேட்டதும் நம்ம வாய் சும்மா இருக்காது, கோயில் வாசல்ல நடந்ததுதான் போன்ல நடக்குது.

இந்த மாதிரி விஷயம் கிண்டலுக்கு மட்டும் இல்ல. 2018ல புள்ளை புடிக்கிறவங்க வந்திருக்காங்கன்னு ஃபார்வர்டு சுத்தி நாட்டுல பல எடத்துல ஒண்ணுமறியாதவங்களை அடிச்சே கொன்னாங்க. அதுக்கப்புறம்தான் அந்த வருஷம் ஜூலைல இந்தியாவுல ஒரு தடவைக்கு 5 பேருக்குத்தான் ஃபார்வர்டுன்னு வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டு வந்துச்சு, 2020 ஏப்ரல்ல நிறைய கை மாறுன சேதின்னா ஒரு நேரத்துக்கு ஒரு சாட்டுக்குத்தான்னு இன்னும் இறுக்குனாங்க. இப்படி ஒரு கட்டுப்பாடு வேலை செய்யுதா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? உங்க மக மாதிரி யாராவது உக்காந்து எண்ணித்தான் பாக்கணும். அதுவும் வாட்ஸ்அப்ல சேதி பூட்டுப் போட்டுப் போறதால வெளியில இருந்து யாரும் பாக்க முடியாது, ட்விட்டரை விட இது பல மடங்கு கஷ்டமான வேலை. பொண்ணுகிட்ட சொல்லுங்க, சிரிக்கிற சொந்தக்காரங்களையும் சாம்பிள்ல சேத்துக்கச் சொல்லி, அவங்க சம்மதம் வாங்கிட்டுத்தான்.

கேள்வி: எங்க ஊர் வாட்ஸ்அப் குரூப்புக்கு ஒரு ரிசர்ச் பையன் வந்து நான் உள்ள இருந்து பாத்துக்கிட்டு மட்டும் இருக்கேன், யார் பேரையும் வெளிய சொல்ல மாட்டேன்னு கேக்குறான். 240 பேரு இருக்கோம். அட்மின் நான்தான், சேத்துக்கலாமா?
பள்ளத்தூர் வாசகர்

பதில்: கேட்டானே, அதுக்கே அந்தப் பையனுக்கு ஒரு நல்ல பேரு குடுக்கணும். கேக்காமச் செஞ்சவங்க இருக்காங்க. 2012 ஜனவரில ஒரு வாரம் ஃபேஸ்புக் 6,89,003 பேரோட பக்கத்துல வர்ற பதிவுகளைக் கொஞ்சம் மாத்தி வச்சுது, சிலருக்கு சந்தோஷமான பதிவைக் குறைச்சாங்க, சிலருக்கு சோகத்தைக் குறைச்சாங்க, அவங்க எழுதுறது அதுக்கேத்த மாதிரி மாறுதான்னு பாத்தாங்க. மாறுச்சு, ரொம்பக் கொஞ்சூண்டு. 2014ல ஒரு பெரிய அறிவியல் ஜர்னல்ல கட்டுரை வந்தப்பதான் ஜனங்களுக்கே தெரியும் நம்மளை வச்சு சோதனை பண்ணிருக்காங்கன்னு. கணக்கு ஆரம்பிக்கிறப்ப ஒத்துக்கிட்டேன்னு டிக் போட்டீங்கள்ல, அதான் சம்மதம்னு சொன்னாங்க, நியாயமா இது? அந்த ஜர்னலே அப்புறம் எங்களுக்கும் இதுல கவலை இருக்குன்னு குறிப்பு போட்டுச்சு.

நம்ம ஊர்ல 2017 ஆகஸ்ட் 24ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டுல 9 நீதிபதிங்க உக்காந்து புட்டசாமி வழக்குல அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு ஒரே குரல்ல சொல்லிட்டாங்க. 2023ல டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்துருச்சு, 2025 நவம்பர்ல விதிகளும் வந்துச்சு, பெரிய பெரிய கடமைங்க படிப்படியாத்தான் அமலுக்கு வருது. அந்தச் சட்டத்துல ரிசர்ச்சுக்கு ஒரு விலக்கு இருக்கு, ஆனா அந்தத் தகவலை வச்சு குறிப்பிட்ட ஒரு ஆளைப் பத்தி எந்த முடிவும் எடுக்கக் கூடாது, விதில சொன்ன தரப்படி நடக்கணும். சட்டம் விலக்குக் குடுத்துருச்சேன்னு வாசல் கேக்காம உள்ள வர முடியுமா, காலேஜோட நெறிமுறைக் குழுன்னு ஒண்ணு இருக்கும், அது ஒப்புதல் குடுத்த கடுதாசியை மொதல்ல கேளுங்க.

அட்மின்ங்குறதால 240 பேருக்கும் நீங்க சம்மதம் குடுத்துட முடியாது. குரூப்ல போடுங்க, யாருக்கு வேணாமோ அவங்க சேதியை எடுக்க மாட்டேன்னு அவன் எழுதிக் குடுக்கட்டும். பேரை அடிச்சாலும் நம்ம ஊர்ல ஆளைக் கண்டுபிடிச்சுடலாம், "பெரிய வீட்டு மூணாவது மருமக, மலேசியாவுல இருக்குறவ"ன்னு எழுதுனா பேர் எதுக்கு? இதையும் அந்தப் பையன்கிட்ட சொல்லுங்க.

கேள்வி: நான் போன தடவை ஊராட்சித் தலைவரா இருந்தேன், ஊருணியெல்லாம் தூர் வாருனேன். சர்வே எடுக்க வந்த பொண்ணு "முடிவெல்லாம் நீங்க எடுத்தீங்களா, உங்க வீட்டுக்காரர் எடுத்தாரா"ன்னு மூஞ்சிக்கு நேரா கேட்டா. எனக்கு அவமானமாப் போச்சு. இப்படிக் கேக்கலாமா?
புதுவயல் பக்கத்து கிராமம், பேர் வேண்டாம்

பதில்: கேட்ட விதம் தப்பு தாயி, கேள்வி தப்பில்ல. அவரு பக்கத்துலயே நின்னுக்கிட்டு இருந்தாரா? இருந்தாருன்னா அந்தப் பொண்ணுக்கு வேலையே தெரியலன்னு அர்த்தம், தனியா உக்காந்து சுத்தி வளைச்சுக் கேக்க வேண்டிய கேள்வி அது.

ஆனா இந்தக் கேள்விக்குப் பின்னாடி ஒரு நல்ல கதை இருக்கு. 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஏப்ரல்ல அமலுக்கு வந்து பஞ்சாயத்துல மூணுல ஒரு பங்கு பொம்பளைங்களுக்குன்னு ஆச்சு, நம்ம தமிழ்நாடு 2016ல அதைப் பாதியாவே ஆக்கிடுச்சு. அப்ப எல்லாரும் பேசுனது ஒரே பேச்சுதான், பொம்பளை கையெழுத்துப் போடுவா, ஆம்பளை ஆட்சி பண்ணுவான். ராகவேந்திர சட்டோபாத்யாயும் எஸ்தர் டுஃப்லோவும் (இந்தம்மாவுக்கு 2019ல நோபல் குடுத்தாங்க, ஆனா வேற பல வேலைக்கும் சேத்து) இதைச் சோதிச்சுப் பாத்தாங்க. எந்த ஊரு பொம்பளைக்குன்னு சுழற்சில குலுக்கல் மாதிரி விழுறதால ஒதுக்குன ஊருக்கும் ஒதுக்காத ஊருக்கும் வேற வித்தியாசம் இல்ல, ரெண்டையும் பக்கத்துல வச்சா தலைவர் யாருங்குறது மட்டும்தான் வித்தியாசம். மேற்கு வங்காளத்துல பீர்பூம், ராஜஸ்தான்ல உதய்ப்பூர், மொத்தம் 265 கிராமப் பஞ்சாயத்து. 2004ல முடிவு வெளியாச்சு.

ரெண்டு எடத்துலயும் பொம்பளை தலைவரா இருந்த ஊர்ல குடிதண்ணிக்குக் கூடுதலா வேலை நடந்திருந்துச்சு. அதை விட ரோடு விஷயம்தான் எனக்குப் புடிச்சது. பீர்பூம்ல ரோடு சரியில்லன்னு பொம்பளைங்கதான் ஜாஸ்தி புகார் சொன்னாங்க, அங்க தலைவிங்க ரோட்டுக்கும் கூட செலவு பண்ணாங்க. உதய்ப்பூர்ல பொம்பளைங்க ரோட்டைப் பத்தி அவ்வளவா பேசல, அங்க தலைவிங்க ரோட்டுக்குக் கம்மியாத்தான் பண்ணாங்க. வீட்டுக்காரருங்கதான் எல்லாத்தையும் ஓட்டுனாங்கன்னா இந்த வித்தியாசம் எங்க இருந்து வந்துச்சு? பொண்ணுங்க பேச்சு எங்கயோ காதுல விழுந்திருக்குல்ல. அப்புறம் 2012ல அதே பீர்பூம்ல இன்னொரு ஆய்வு வந்துச்சு, ரெண்டு தடவை தொடர்ந்து பொம்பளைத் தலைவரைப் பாத்த ஊர்ல ஆம்பளைப் புள்ளைக்கும் பொம்பளைப் புள்ளைக்கும் படிப்புல இருந்த இடைவெளியே இல்லாமப் போயிருந்துச்சு.

நீங்க ஊருணி தூர் வாருனதா எழுதியிருக்கீங்களே, அதை எந்த வருஷம், எவ்வளவு செலவு, எந்த கிராம சபைத் தீர்மானம்னு அந்தப் பொண்ணுக்கு ஒரு பேப்பர்ல எழுதி அனுப்புங்க. நகல் இல்லேன்னா 10 ரூவா கட்டி தகவல் உரிமைச் சட்டத்துல கேளுங்க, 30 நாள்ல குடுத்தாகணும். முடிவு யாரு எடுத்தாங்கன்னு அந்த மினிட் புக்கு சொல்லிட்டுப் போகட்டும்.

கேள்வி: ஆச்சி, தீசிஸ் சாஃப்ட்வேர்ல போட்டா 22 சதவீதம் காப்பின்னு காட்டுது. கைடு முகத்தையே பாக்க மாட்டேங்குறார். ஒருத்தர் 12,000 ரூவா குடுத்தா நாலு நாள்ல ஜர்னல்ல கட்டுரையும் போட்டு இதையும் குறைச்சுத் தர்றேங்குறார்.
ஆராய்ச்சி மாணவர், காரைக்குடி

பதில்: அந்த ஆளு நம்பரை மொதல்ல பிளாக் பண்ணுப்பா. நாலு நாள்ல எந்த வாத்தியாரு உன் கட்டுரையைப் படிச்சுத் திருத்துவாரு? நல்ல ஜர்னல்ல உன் துறை ஆளுங்க ரெண்டு மூணு பேரு படிச்சு, திட்டி, திருப்பி அனுப்பி, நீ மாத்தி எழுதி, மாசக்கணக்கு ஆகும். காசு வாங்கிட்டு குப்பையைப் போடுறவன் நாளைக்கு வெப்சைட்டை மூடிட்டுப் போயிடுவான், உன் பேரு மட்டும் அங்க தொங்கும். பிஎச்டி முடிக்க ஜர்னல் கட்டுரை கட்டாயம்னு இருந்த விதியையே யூஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2022ல எடுத்துடுச்சு, உன் பல்கலைக்கழகம் தனியா விதி வச்சிருக்கான்னு மட்டும் பாத்துக்க.

22க்கு வருவோம். யூஜிசி 2018 விதிப்படி 10 சதவீதம் வரைக்கும் தண்டனை இல்ல, 10ல இருந்து 40 வரைக்கும்னா ஆறு மாசத்துக்குள்ள திருத்திக் குடுக்கணும், 40ல இருந்து 60ன்னா ஒரு வருஷம் குடுக்கவே விட மாட்டாங்க, அதுக்கு மேல பதிவே ரத்து. நீ திருத்துற கட்டத்துலதான் இருக்க, உலகம் அழிஞ்சு போகல. மேற்கோள் குறி போட்டு யாரு சொன்னாங்கன்னு எழுதுனது, பின்னாடி இருக்குற நூல் பட்டியல் இதெல்லாம் கழிச்சாங்களான்னு பாரு, தொடர்ச்சியா 14 வார்த்தை வரைக்கும் பொதுவா எல்லாரும் எழுதுற சொல்லும் கணக்குல வராது. மிச்சம் இருக்குறதுல நீ நெசமாவே எடுத்துப் போட்ட பக்கம் எதுன்னு உனக்கே தெரியும்ல? அந்தப் பக்கத்தை மூடி வச்சுட்டு உனக்குப் புரிஞ்சதை உன் வார்த்தைல எழுது. வரலேன்னா புரியலன்னு அர்த்தம், கைடுகிட்ட போய் உக்காரு, முகத்தைப் பாக்கலேன்னாலும் உக்காரு.

கேள்வி: சிக்ரிக்கு உள்ள அப்படி என்னதான் நடக்குது?
ஆட்டோ ஓட்டுநர், காரைக்குடி

பதில்: பேட்டரி, துரு, முலாம், மின்சாரத்தை வச்சு நடக்குற வேதியியல் எல்லாமே. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் குடுத்து, 1948 ஜூலைல நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரில ராதாகிருஷ்ணன் திறந்து வச்சது. மண்டபத்துல ஒரு கிளை இருக்கு, கடல் காத்துல இரும்பை வச்சு எவ்வளவு வேகமா அரிக்குதுன்னு பாக்குறதுக்கு. சவாரி ஏத்துறப்ப உள்ள இருந்து வர்ற பசங்ககிட்டயே கேளுங்க, சந்தோஷமாச் சொல்லுவாங்க, அவங்களை யாரும் கேக்குறதே இல்ல.

கேள்வி: நாங்க சிங்கப்பூர்ல இருக்கோம். கானாடுகாத்தான் வீட்டுச் சுவர்ல கீழ்ப்பக்கம் பூச்சு உதிருது. கான்ட்ராக்டர் செதுக்கிட்டு சிமெண்டு பூசிடலாம்ங்குறார், சின்ன அயித்தை சுண்ணாம்புதான்னு பிடிவாதம்.
வீட்டுக்காரர் ஒருத்தர்

பதில்: சின்ன அயித்தை பக்கம்தான் நான். பாசத்துல சொல்லல, பழைய கட்டடங்களைப் பத்தி இன்ஜினியருங்க உலகம் பூரா திரும்பத் திரும்ப எழுதுறது இதுதான். பழைய செங்கல்லும் சுண்ணாம்பும் ஈரத்தை உறிஞ்சும், அப்புறம் வெளிய விட்டுரும். மேல சிமெண்டைப் போட்டு அடைச்சா தரைல இருந்து ஏறுற ஈரம் வெளிய வர வழியில்லாம உள்ளயே நிக்கும், அந்தத் தண்ணில கரைஞ்சு வந்த உப்பு பூச்சுக்குப் பின்னாடி படிகமாகி, பெருத்து, செங்கல்லையே பொடியாக்கும். ரெண்டு மூணு வருஷத்துக்குப் பளபளன்னு இருக்கும், அப்புறம் பூச்சு பாளம் பாளமா செங்கல்லோட சேந்து வரும். சிமெண்டு முறுக்கானது, பழைய சுவரு கொஞ்சம் இளகுனது, வெயிலுக்கும் குளிருக்கும் ரெண்டும் ஒரே மாதிரி அசையாது.

சுண்ணாம்புப் பூச்சு காத்துல இருக்குற கரியமில வாயுவைக் குடிச்சுக் குடிச்சு மெதுவா கல்லாகுறது, அதனால கொத்தனாருக்குப் பொறுமை வேணும், ஈரம் காயாம பாத்துக்கணும், கூலி கூட ஆகும், அதான் கான்ட்ராக்டருக்கு ஆகல. முட்டை வெள்ளைக்கரு போட்டுத் தேய்ச்ச பழைய மேல்பூச்சைத் தெரிஞ்ச கை இப்ப ரொம்பக் கம்மி, கிடைச்சா விட்டுடாதீங்க. அதுக்கு முன்னாடி ஈரம் ஏன் ஏறுதுன்னு பாருங்க, முத்தத்துத் தண்ணி போற வழி எங்கயாவது அடைச்சிருக்கும், இல்ல வெளிய ரோட்டை உசத்தி உசத்திப் போட்டு வீடு பள்ளத்துல போயிருக்கும். யுனெஸ்கோவோட உத்தேசப் பட்டியல்ல 2014ல இருந்து நம்ம செட்டிநாட்டு ஊருங்க பேரு இருக்கு, இருக்குற சுவரையாவது விட்டு வைப்போம்.

கேள்வி: ஐயாவோட பர்மாக் கணக்குப் பேரேடு ரெண்டு பெட்டி நிறைய கிடக்கு. கரையான் வர ஆரம்பிச்சுருச்சு. பழைய பேப்பர்காரன் கிலோவுக்கு விலை பேசிட்டான், ஞாயித்துக்கிழமை வர்றான். குடுத்துடவா?
கோட்டையூர் வாசகி

பதில்: அய்யய்யோ, மொதல்ல அவனுக்குப் போன் போட்டு வர வேணாம்னு சொல்லுங்க!

நீங்க இருக்குற ஊரு எது? கோட்டையூர். அங்கதான் ரோஜா முத்தையா அடுத்தவங்க வேணாம்னு தூக்கிப்போட்ட புத்தகம், நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை வரைக்கும் சேத்து வச்சாரு. 1992ல அவரு காலமானப்புறம் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி, நம்ம நாட்டுலயே இருக்கட்டும்னு சென்னைல 1994ல அவரு பேருலயே நூலகமா வச்சாங்க. இன்னைக்குத் தமிழ்ல ரிசர்ச் பண்றவங்க பாதிப் பேரு அந்தப் படி ஏறாம முடிக்கிறதில்ல.

உங்க பேரேட்டுல என்னென்ன இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. எவ்வளவு வட்டிக்குக் குடுத்தாங்க, நெலத்தை எப்படி ஈடு வாங்குனாங்க, கோயில் மகமைக்கு எவ்வளவு ஒதுக்குனாங்க, எந்த வருஷம் ஐந்தொகை (வருஷ முடிவுக் கணக்கு) போடாம நின்னு போச்சு, 1942ல ஜப்பான்காரன் வந்தப்ப கடைசியா எழுதுன பக்கம் எது. சட்டம் படிக்கிறவனுக்கும் பொருளாதாரம் படிக்கிறவனுக்கும் இதை விட நல்ல சாட்சி எங்க கிடைக்கும்? எங்க ஐயா எழுதுன பேரேட்டை எங்க வீட்ல 1978ல வெந்நி போட எரிச்சாங்க, நானும் ஒரு கை எடுத்துப் போட்டேன், அப்ப எனக்கு லைப்ரரி வேலை கிடைக்கல.

வெயில்ல காய வைக்காதீங்க, பேப்பர் முறிஞ்சுடும், நிழல்ல காத்தாட விரிங்க. கரையான் ஏறுன கட்டை மத்ததோட சேக்காம தனியா வைங்க. செல்லோ டேப் ஒட்டவே கூடாது. மேல இருந்து கீழ என்ன வரிசைல கிடந்துச்சோ அதே வரிசைல போன்ல ஒரு போட்டோ எடுத்துட்டு, பழைய வேட்டித் துணில கட்டி, தரைல இல்லாம பலகை மேல வைங்க. நூலகத்துக்குக் குடுக்குறப்ப குடுத்ததா, ஸ்கேன் பண்ணத்தானா, கடன் வாங்குனவங்க பேரு இப்ப வெளிய வரலாமா வேணாமான்னு எழுத்துல போட்டுக்கங்க, அவங்க பேரப் புள்ளைங்க இன்னமும் பக்கத்துத் தெருவுலதான இருப்பாங்க. பெட்டியைத் திறக்குறப்ப எனக்கு ஒரு போன் போடுங்க, காரைக்குடில இருந்து கோட்டையூருக்கு பஸ்ல எவ்வளவு நேரம் ஆகிடப் போகுது, வர்றேன்.